வேதாகமத்தை வாசிக்கவிடாத அச்சுக் குறைகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

சிங்கப்பூரில் உள்ள எங்கள் திருச்சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலருகே புத்தக மேசை ஒன்று போடப்படும். அந்த மேசைக்குப் பின்னால் நிற்பது பல ஆண்டுகளாக என் பொறுப்பு. புதிதாக வேதாகமம் வாங்க வருகிறவர்களைவிட, ஏற்கெனவே வாங்கியதைக் கையில் எடுத்துக்கொண்டு குறை சொல்ல வருகிறவர்கள்தான் அதிகம். பின்பக்கத்து எழுத்து தெரிகிறது, அட்டை உரிகிறது, தாள் அலை அலையாக இருக்கிறது, வசனத்தைக் காணவில்லை என்று வாரம் ஒருவராவது வந்து நிற்பார். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிவந்ததை இங்கே எழுத்தில் தருகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களை எரிச்சலூட்டும் குறை பதிப்பாளர் தெரிந்தே எடுத்த வடிவமைப்பு முடிவா, அச்சகத்திலோ பைண்டிங்கிலோ நேர்ந்த பிழையா, அல்லது சிங்கப்பூரின் ஈரக் காற்று செய்த வேலையா? வடிவமைப்பு பிடிக்கவில்லை என்றால் வேறு பதிப்புக்குத்தான் மாற வேண்டும். பிழை என்றால் வீட்டில் பசை போட்டு ஒட்டிப் பார்க்காமல் வாங்கிய கடைக்கே திருப்ப வேண்டும். காற்றின் வேலை என்றால் தீர்வு பெரும்பாலும் உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. என் அனுபவத்தில் காற்றின் மேல் விழவேண்டிய பழி பாதிக்கு மேல் அச்சகத்தின் மேல்தான் விழுகிறது.

பின்பக்கத்து எழுத்து நிழலாகத் தெரிகிறது

மிக அதிகமாகக் கேட்கும் புகார் இதுதான். காரணத்தைக் கணக்குப் போட்டே புரிந்துகொள்ளலாம். அலுவலகத்தில் நாம் பயன்படுத்தும் நகல் தாள் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ளது. வேதாகமத் தாளோ பெரும்பாலும் 28 முதல் 40 கிராம் வரைதான். 1,400 பக்கமுள்ள வேதாகமத்தில் 700 தாள்கள் இருக்கும். அதை நகல் தாளில் அச்சிட்டால் தடிமன் ஏழு சென்டிமீட்டரைத் தொடும். மெல்லிய தாளில் அதுவே மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கும். ஆகவே ஓரளவு நிழல் தெரிவது எல்லா ஒற்றைத் தொகுதி வேதாகமத்துக்கும் பொது. அந்த நிழல் வாசிப்பைக் கெடுக்கும் அளவுக்கு இருக்கிறதா என்பதே கேள்வி.

முதலில் நிழல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நீங்கள் வாசிக்கும் தாளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைச் செருகுங்கள். நிழல் மறைந்துவிட்டால், தெரிந்தது அடுத்த தாளின் எழுத்து; அப்படியானால் தாள் மிகவும் மெல்லியது. நிழல் அப்படியே இருந்தால், அது அதே தாளின் மறுபக்கத்து எழுத்து. இப்போது வெள்ளைக்குப் பதில் கறுப்புத் தாளைச் செருகுங்கள். பக்கம் சற்று மங்கினாலும் நிழல் பெருமளவு அடங்கிவிடும். அஞ்சலட்டை அளவில் கறுப்பு அட்டை ஒன்றை வெட்டி, நினைவுக்குறியாக உள்ளே வைத்துக்கொண்டு வாசிக்கிற பெரியவர் ஒருவர் எங்கள் சபையில் இருக்கிறார். பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் பலன் தருகிறது.

அடுத்து, ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். முன்பக்கத்து வரிகளும் பின்பக்கத்து வரிகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தியிருந்தால், வடிவமைப்பாளர் அக்கறையோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பக்கங்களை அமைத்திருக்கிறார் என்று பொருள். அப்படி அமைந்தால் வரிகளுக்கிடையிலான வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். நிழல் எழுத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். பொருந்தாவிட்டால் பின்பக்கத்து வரி உங்கள் வரிகளின் இடைவெளியில் வந்து விழும். அந்தச் சாம்பல் கோடுதான் கண்ணைக் களைப்பாக்குகிறது. 36 கிராம் தாளில் வரி பொருந்தாத பதிப்பைவிட, 30 கிராம் தாளில் வரி பொருந்திய பதிப்பு வாசிக்க எளிதாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எடையை மட்டும் கேட்டு வாங்கக் கூடாது என்பது இதனால்தான். தாளில் டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற நிரப்பிகள் எவ்வளவு சேர்க்கப்பட்டுள்ளன என்பதும் ஒளிபுகாத தன்மையைத் தீர்மானிக்கிறது. ஆனால் அதைக் கடையில் கண்டுபிடிக்க வழியில்லை, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

வெளிச்சம் இருக்கும் திசையையும் கவனியுங்கள். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து வாசித்தால் வெளிச்சம் தாளை ஊடுருவி வரும். எந்தத் தாளும் அதற்குத் தாங்காது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். இரவில் மேசை விளக்கு உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து விழட்டும். புகாரோடு வந்தவர்களில் சிலர் நாற்காலியைத் திருப்பிப் போட்டதோடு மனநிறைவு அடைந்துவிட்டார்கள்.

குறிப்பெழுதும் பழக்கம் உள்ளவர்கள் சாதாரண ஹைலைட்டரையும் மை ஊறும் பேனாவையும் தவிர்க்க வேண்டும். வண்ணப் பென்சிலோ மெழுகு போன்ற உலர் ஹைலைட்டரோ போதும். எதுவானாலும் முதலில் பின்னிணைப்பில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் சோதிக்க வேண்டாம்.

எழுத்து சிறியது, அல்லது பெரியதாக இருந்தும் வாசிக்க முடியவில்லை

அட்டையில் "பெரிய எழுத்து" என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். எது பெரியது என்பதற்கு எல்லாப் பதிப்பாளர்களையும் கட்டுப்படுத்தும் அளவுகோல் இல்லை. ஒருவருடைய பெரிய எழுத்து இன்னொருவருடைய நடுத்தர எழுத்தாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளையின் அடிக்கோல் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். ஒரு வரியின் அடிப்பகுதியிலிருந்து, அதற்குக் கீழே பத்தாவது வரியின் அடிப்பகுதி வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து பத்தால் வகுங்கள். 32 மில்லிமீட்டர் வந்தால் ஒரு வரிக்கு 3.2 மில்லிமீட்டர். அச்சுக் கணக்கில் ஒரு பாயின்ட் ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர் என்பதால் அது 9 பாயின்ட் வரி உயரம். 42 மில்லிமீட்டர் வந்தால் 12 பாயின்ட்.

எழுத்தின் அளவை அளக்காமல் வரியின் உயரத்தை ஏன் அளக்கச் சொல்கிறேன் என்றால், தமிழில் நெருக்கடி அங்கேதான் ஏற்படுகிறது. நம் எழுத்துகளுக்கு மேலே இகரக் கொக்கியும் ஈகாரச் சுழியும் புள்ளியும் உண்டு. கீழே "கு", "மூ", "ழு" ஆகியவற்றின் வளைவுகள் இறங்குகின்றன. ஆங்கிலத்துக்கு அமைத்த வரி இடைவெளியை அப்படியே வைத்துத் தமிழை ஓடவிட்டால், மேல்வரியின் "மூ" கீழ்வரியின் "கீ"யை முட்டிக்கொண்டு நிற்கும். 8 பாயின்ட் ஆங்கிலத்தைச் சிரமமில்லாமல் வாசிக்கிறவர் 8 பாயின்ட் தமிழைக் கண்ணைச் சுருக்கி வாசிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அவருடைய தமிழறிவைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இந்த இழுபறி முந்நூறு ஆண்டுப் பழமையானது. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. அந்த அளவிலேயே முழுவதையும் அச்சிடக் கைவசமிருந்த தாள் போதாது என்பதால், பக்கத்திலுள்ள பொறையாறில் சிறிய எழுத்துகளை வார்த்து 1715இல் வேலையை முடித்தார்கள். தாளை மிச்சப்படுத்த எழுத்தைச் சுருக்குவது தமிழ் வேதாகம அச்சின் பிறப்பிலேயே வந்தது என்று சொன்னாலும் மிகையாகாது.

வரி உயரம் 11 பாயின்ட்டுக்குக் கீழே இருந்தால் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. இது என் சொந்தக் கணக்கு, விதியல்ல. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பக்கத்தின் மேல் தட்டையாக வைக்கும் உருப்பெருக்கித் தகடு ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

எழுத்தே அடையாளம் தெரியவில்லை, புள்ளிகளைக் காணவில்லை

சென்ற ஆண்டு உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி வேதபாடம் வாசிக்க எழுந்தாள். தாத்தாவின் வேதாகமத்தைக் கொண்டுவந்திருந்தாள். மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். பிறகு மேசைக்கு வந்து, ஒரு சொல்லில் விரலை வைத்து, "அங்கிள், இது என்ன எழுத்து? யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைஞ்சிருக்கு" என்று கேட்டாள். அது "பிள்ளை" என்ற சொல்லின் "ளை", பழைய வடிவத்தில். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. சிங்கப்பூர்ப் பாடநூல்களிலும் புதிய வடிவமே பயில்கிறது. ஆனால் பழைய அச்சையே படமெடுத்து மறுபதிப்புச் செய்த வேதாகமங்களில் பழைய வடிவம் நீண்ட காலம் தொடர்ந்தது.

இதற்குத் தீர்வு எளிது. அந்த 13 எழுத்துகளையும் பழைய வடிவில் ஒரு சிறிய அட்டையில் எழுதி, பக்கத்தில் புதிய வடிவையும் எழுதி, அட்டையின் உட்புறத்தில் செருகிக்கொடுத்தேன். இரண்டு வாரத்தில் அவளுக்கு அட்டை தேவைப்படவில்லை. இளையோர் குழுவுக்கு மொத்தமாக வாங்குகிறவர்கள் மட்டும் வாங்கும் முன்பே ஒரு பக்கத்தைத் திறந்து "இல்லை", "அவனை" ஆகிய சொற்கள் எப்படி அச்சாகியுள்ளன என்று பார்த்துவிடுங்கள்.

புள்ளி காணாமற்போவது வேறு நோய். "க்" என்பது "க" ஆகவும், "ம்" என்பது "ம" ஆகவும் தெரிந்தால், அதே பதிப்பின் இன்னொரு பிரதியில் அதே இடத்தைப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் அச்சுத்தகட்டிலேயே புள்ளி அழிந்துவிட்டது. தேய்ந்த பழைய பிரதியிலிருந்து படமெடுத்திருப்பார்கள். அத்தகைய பதிப்பில் சுழிகளும் மையால் அடைபட்டு "ண"வும் "ன"வும் ஒன்றுபோலத் தெரியும். வேறு பதிப்புக்கு மாறுவதே வழி. இன்னொரு பிரதியில் புள்ளி இருந்தால், உங்கள் பிரதி மை குறைந்த நேரத்தில் அச்சானது. மாற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சிவப்பு எழுத்து கண்ணை உறுத்துகிறது

இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பில் அச்சிடுவதை மிகப் பழைய மரபு என்று பலர் நினைக்கிறார்கள். நியூயார்க்கில் பத்திரிகை ஆசிரியராக இருந்த லூயிஸ் கிளாப்ஷ் என்பவர் 1899இல் புதிய ஏற்பாட்டையும் 1901இல் முழு வேதாகமத்தையும் அவ்வாறு வெளியிட்டதிலிருந்துதான் அது பரவியது. லூக்கா 22:20இல் வரும் இரத்தம் பற்றிய வார்த்தையே அவருக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தது.

சிவப்பு வெளிறி ரோஜா நிறமாகத் தெரிந்தால் மை குறைவு. ஒரே பக்கத்தில் கறுப்பு வரியும் சிவப்பு வரியும் மேலும் கீழுமாக விலகி நின்றால், இரண்டு தகடுகளும் சரியாகப் பொருந்தவில்லை. இரண்டுமே அச்சுப் பிழைகள், பிரதியை மாற்றலாம். ஆனால் ஆராதனை நேரத்தில் மட்டும் சிவப்பு வசனங்கள் மறைகின்றன என்றால் புத்தகத்தைக் குறை சொல்லாமல் மேடையைப் பாருங்கள். இப்போது பல சபைகளில் வண்ண விளக்குகள் வந்துவிட்டன. சிவப்பு விளக்கின் கீழ் வெள்ளைத் தாளும் சிவப்பு மையும் ஏறத்தாழ ஒரே நிறமாகிவிடுவதால் எழுத்து கரைந்துபோகும். ஒலி, ஒளி பார்க்கும் தம்பியிடம் வேதபாடம் வாசிக்கும் வேளையில் வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுங்கள்.

சிலர் சிவப்பை வேறு காரணத்துக்காக விரும்புவதில்லை. நானும் அவர்களில் ஒருவன். மூலமொழிக் கையெழுத்துப் பிரதிகளில் மேற்கோள் குறிகள் கிடையாது. நம் பழைய மொழிபெயர்ப்பிலும் இல்லை. பேச்சு எங்கே முடிந்து நூலாசிரியரின் விளக்கம் எங்கே தொடங்குகிறது என்பதைச் சிவப்பு மை ஆசிரியரைக் கேட்காமல் முடிவு செய்துவிடுகிறது. யோவான் மூன்றாம் அதிகாரத்தில் சில பதிப்புகள் 15ஆம் வசனத்தோடு சிவப்பை நிறுத்துகின்றன; சில 21 வரை கொண்டுபோகின்றன. நாம் மனப்பாடமாகச் சொல்லும் 16ஆம் வசனம் இடையில் மாட்டிக்கொள்கிறது.

வரிகளில் பள்ளம் விழுகிறது, சொற்கள் பாதியில் உடைகின்றன

இரண்டு பத்திகளாக அமைத்த பக்கத்தில் ஒரு வரிக்கு மூன்று நான்கு தமிழ்ச் சொற்களே பிடிக்கும். "நேபுகாத்நேச்சார்", "வெளிப்படுத்தின", "கட்டளையிட்டபடியினாலே" போன்ற நீண்ட சொற்கள் வரும்போது, இருபுற ஓரத்தையும் நேராக வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஒன்று சொற்களுக்கிடையே பெரும் பள்ளம் விழும், அல்லது சொல் உடைந்து பாதி அடுத்த வரிக்குப் போகும். தமிழ் அச்சில் உடைந்த இடத்தில் இணைப்புக்கோடு போடாமலிருப்பதும் வழக்கம் என்பதால், சரளமாக வாசிக்காதவர் "கட்டளையிட்ட" என்று முடித்துவிட்டு அடுத்த வரியில் தடுமாறுவார். இது வடிவமைப்புக் குறை; வீட்டில் மருந்தில்லை. ஒற்றைப் பத்திப் பதிப்பு கிடைத்தால் அதற்கு மாறுங்கள். சபையில் வாசிக்க வேண்டிய பகுதியை மட்டும் முதல்நாள் இரவு பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

தொடர்புள்ள பிற வசனங்களைச் சுட்டும் ஒத்துவாக்கிய வேதாகமத்தில் வசனத்துக்குள் தூவப்பட்ட சிறிய குறி எழுத்துகள் இடையூறாக இருப்பதாகச் சொல்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றே: ஆராய்ச்சிக்கு ஒரு வேதாகமம், வாசிப்புக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வசனமும் புது வரியில் தொடங்குவது கதையோட்டத்தை வெட்டுகிறது என்ற குறையும் நியாயமானதே. ராபர்ட் எஸ்தியென் என்ற பாரிஸ் அச்சகர் 1551இல் புதிய ஏற்பாட்டுக்கு வசன எண்களைக் கொடுத்தார். அவை தேடுவதற்கான அடையாளம்தான். ஆனால் அவையே பக்கத்தின் உருவத்தையும் தீர்மானிக்கத் தொடங்கின.

பக்கத்தைக் காணவில்லை, வசனத்தைக் காணவில்லை

இவை இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறு வேறு. பக்க எண் 352க்குப் பிறகு 385 வந்தால், இடையிலுள்ள 32 பக்கக் கட்டு ஒன்று கோக்கும்போது விடுபட்டுள்ளது. சில சமயம் அதே கட்டு இருமுறை வந்திருக்கும், அல்லது தலைகீழாகத் தைக்கப்பட்டிருக்கும். புத்தகம் வாங்கிய அன்றே பக்க எண்களை விரைவாகப் புரட்டிச் சரிபார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. மூன்று ஆண்டு கழித்து ஆகாய் தீர்க்கதரிசியைத் தேடும்போது கண்டுபிடித்து வருகிறவர்களுக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

சிங்கப்பூரில் கடையில் வாங்கியதாக இருந்தால், 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள "லெமன் சட்டம்" உங்களுக்குத் துணை. பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். கடைக்காரர் சரிசெய்தோ மாற்றியோ தர வேண்டும். ரசீதை வேதாகமத்துக்குள்ளேயே வைக்காதீர்கள். ரசீதின் வெப்பத்தாள் சில மாதங்களில் வெளுத்துவிடும். கைப்பேசியில் படமெடுத்து வைப்பது நல்லது.

மத்தேயு 17இல் 20ஆம் வசனத்துக்குப் பின் நேராக 22 வருகிறது, அப்போஸ்தலர் 8இல் 37ஐக் காணவில்லை என்றால் அது அச்சுப் பிழையன்று. புதிய மொழிபெயர்ப்புகள் பல, மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லாத வசனங்களை அடிக்குறிப்புக்கு மாற்றிவிடுகின்றன. எண் மட்டும் பழைய வரிசையில் நிற்பதால் இடைவெளி தெரிகிறது. பக்கத்தின் கீழே பாருங்கள். அதேபோல் ஆதியாகமம் இருக்க வேண்டிய இடத்தில் "தொடக்க நூல்" இருந்தால், நீங்கள் எடுத்தது 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பு. இணைத் திருமுறை நூல்களும் சேர்ந்த பதிப்பானால் 66க்கு மேல் நூல்கள் இருக்கும். ஓஃபிர் ரோட்டில் உள்ள லூர்து அன்னை கத்தோலிக்க ஆலயத்துக்குப் போகும் உறவினருக்கு அன்பளிப்பாக வாங்குகிறவர்கள் அதையே தேடி வாங்க வேண்டும்.

உண்மையான எழுத்துப் பிழை அரிது. ஆனால் வரலாற்றில் இடம்பிடித்தது ஒன்று உண்டு. 1631இல் லண்டனில் அச்சான ஆங்கில வேதாகமத்தில் ஏழாம் கட்டளையின் "செய்யாதே" என்பதற்குரிய எதிர்மறைச் சொல் விடுபட்டு, விபசாரம் செய்யும்படி கட்டளையிடுவதாக அச்சாகிவிட்டது. அச்சகர்களுக்கு 300 பவுண்டு அபராதம் விழுந்தது.

புத்தகம் விரிந்து படுக்கவில்லை, தாள்கள் கழல்கின்றன

மேசைமேல் வைத்து ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறந்து கையை எடுங்கள். மூடிக்கொள்கிறதா? பிறகு முதுகின் மேல்முனையை உற்றுப் பாருங்கள். சிறுசிறு கட்டுகள் வளைந்து வளைந்து வரிசையாகத் தெரிந்து, கட்டின் நடுப்பக்கத்தில் நூல் தெரிந்தால் அது தையல் பைண்டிங். இத்தகைய புத்தகம் பழகப் பழக விரியும். தாள்கள் ஒற்றை ஒற்றையாக வெட்டி நேர்க்கோட்டில் பசையில் நட்டிருந்தால் அது ஒட்டு பைண்டிங்; பழகப் பழக உதிரும். தினமும் திறக்கப்போகும் ஆயிரம் பக்கப் புத்தகத்துக்கு ஒட்டு பைண்டிங்கை நான் எக்காரணம் கொண்டும் சிபாரிசு செய்ய மாட்டேன், விலை பாதியாக இருந்தாலும் சரி.

புதுத் தையல் புத்தகத்தைப் பழக்கும் முறை இது. முதுகை மேசையில் நிறுத்தி, முன் அட்டையையும் பின் அட்டையையும் மட்டும் படுக்க வையுங்கள். பிறகு முன்னாலிருந்து இருபது தாள், பின்னாலிருந்து இருபது தாள் என மாறி மாறி எடுத்து, முதுகோரமாக விரலால் மெல்ல நீவிக்கொண்டே நடுப்பகுதிக்கு வாருங்கள். எடுத்த எடுப்பில் நடுவில் பிளந்து அழுத்தினால் முதுகு அங்கேயே முறிந்து, ஆயுள் முழுக்கச் சங்கீதத்தில் மட்டும் தானாகத் திறக்கும்.

கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம். சில ஆண்டுகளில் அது மஞ்சளித்து, பசை கசிந்து, பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்ளும். அமிலமற்ற பழுதுநாடாவோ, மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப்பசையுமோ போதும். முதுகு முழுதும் விட்டுப்போனால், தேசிய நூலகத்துக்கு எதிரே உள்ள பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஆய்வேடுகளுக்கு அட்டை கட்டித் தருகிற கடைகளில் விசாரிக்கலாம். வேலை தொடங்குமுன் "ஓரத்தை எவ்வளவு வெட்டுவீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். என் மாமனாரின் வேதாகமத்தை ஒரு கடையில் அப்படிக் கேட்காமல் கொடுத்தேன். அட்டை அழகாக வந்தது, ஆனால் ஓரத்தில் அவர் நாற்பது ஆண்டு எழுதிவைத்த குறிப்புகளின் கடைசி எழுத்துகள் வெட்டுக்கத்திக்குப் போய்விட்டன.

அட்டை உரிகிறது, பிசுபிசுக்கிறது

இது சிங்கப்பூருக்கென்றே வந்த வியாதி. தோல்போலத் தோன்றும் அட்டைகளில் பல, துணியின்மேல் பாலியூரித்தேன் பூசியவை. கடைகளில் "பியூ லெதர்" என்பார்கள். காற்றின் ஈரம் அந்தப் பூச்சின் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல அறுக்கிறது. முதலில் பிசுபிசுப்பு, பிறகு வெடிப்பு, பிறகு செதில் செதிலாக உதிர்தல் என்று நான்கைந்து ஆண்டில் முடிந்துவிடும். பீரோவில் பத்திரமாகப் பூட்டிவைத்ததும் உரியும். "நான் தொடவே இல்லையே" என்று அதிர்ந்துபோய் வருகிறவர்களிடம் தொட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று சொல்லி அனுப்புகிறேன்.

உரியத் தொடங்கிய பூச்சைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது. எண்ணெயோ தோல் பாலிஷோ தடவினால் பிசுபிசுப்புத்தான் கூடும். உள்ளே தையல் நன்றாக இருந்தால் துணி அட்டையில் மறுகட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் துணி உறை தைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கும்போது இந்தத் தட்பவெப்பத்துக்கு நான் முதலிடம் கொடுப்பது துணி சுற்றிய கெட்டி அட்டைக்கு. உண்மைத் தோல் நீடிக்கும். ஆனால் கையில் புழங்க வேண்டும். மூடிய அலமாரியில் கிடந்தால் பூஞ்சை பூக்கும். தோல் துகள்களை அரைத்து ஒட்டிய பிணைப்புத் தோல் விலையில் மலிவு, மடிப்பில் வெடிக்கும்.

தாள் அலை அலையாகிறது, பழுப்புப் புள்ளிகள் விழுகின்றன

சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60ஐ ஒட்டி இறங்கும். குளிர்சாதன ஆலயத்தில் இரண்டு மணி நேரம், பிறகு எம்ஆர்டி நிலையம் வரை வெக்கையில் நடை என்று வேதாகமம் ஒரே நாளில் பலமுறை ஈரத்தை வாங்கி விடுகிறது. தாளின் ஓரம் சீக்கிரம் வாங்கும், முதுகோரம் தாமதமாக வாங்கும். அந்த ஏற்றத்தாழ்வே அலை. அலை முதுகுக்கு இணையாக இல்லாமல் குறுக்காக ஓடி, புத்தகம் புதிதாக இருக்கும்போதே தாள் விறைத்து நின்றால், தாளின் இழையோட்டம் தவறான திசையில் போயிருக்க வாய்ப்புண்டு. அது தயாரிப்புக் குறை.

மற்றபடி, இரவில் புத்தகத்தைக் கிடையாக வைத்து மேலே இரண்டு கனத்த புத்தகங்களை ஏற்றிவிடுங்கள். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். கேமரா வைக்கும் டிரை கேபினட் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வீட்டில் இருந்தால், 50 விழுக்காடு ஈரப்பதத்தில் தாத்தா காலத்துப் பிரதியை அதில் வைக்கலாம். பழுப்புப் புள்ளியும் ஊசல் வாடையும் பூஞ்சையின் அடையாளம். முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமான நடைவழியில் நிழலில் உலர்த்தி, மென்மையான தூரிகையால் வெளிப்புறமாகத் துடையுங்கள். வெயிலில் காயவைத்தால் தாள் முறுகிவிடும். ஓரங்களை அரித்ததுபோலத் தெரிந்தால் வெள்ளிப்பூச்சி. பசையின் மாவுச்சத்துக்கு வருகிறது. புத்தகத்தை நெகிழிப்பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்து எடுத்து, அறைவெப்பத்துக்கு வந்த பிறகே பையைப் பிரியுங்கள்.

சில்லறைக் குறைகள்

பொன்முலாம் பூசிய ஓரத்தால் தாள்கள் ஒட்டிக்கொண்டால், பத்துப் பத்துத் தாளாக விசிறிவிட்டுப் பிரியுங்கள். நகத்தால் கிள்ள வேண்டாம். ரிப்பன் நுனி பிரிந்தால், பாலியெஸ்டரானால் லைட்டர் சுடரை ஒரு கணம் அருகில் காட்டினால் உருகி அடைபடும். பருத்தியானால் ஒரு துளி பசை. ஜிப் வேதாகமத்தின் பற்கள் முலாமைச் சுரண்டுவது தவிர்க்க முடியாதது. பிடிக்காதவர்கள் ஜிப்பைத் திறந்தபடியே வைத்திருக்கிறார்கள், வாங்கியதன் நோக்கமே அத்துடன் போய்விடுகிறது.

தமிழ்–ஆங்கில இணைப் பதிப்பை நம் ஊர்க் குடும்பங்கள் மிகவும் விரும்பிக் கேட்கின்றன. ஒரே வசனம் தமிழில் கூடுதல் இடம் பிடிப்பதால், ஆங்கிலப் பத்தியில் வெற்றிடமும் தமிழ்ப் பத்தியில் நெருக்கடியும் இருக்கும். வாங்கும்போது தமிழ்ப் பக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுங்கள்.

கை வலிக்கிறது

பெரிய எழுத்து கேட்டு வாங்கியவர்களே பிறகு கனத்தைப் பற்றிப் புகார் சொல்வார்கள். எழுத்து பெரிதானால் பக்கம் கூடும், பக்கம் கூடினால் எடை கூடும். இதில் பதிப்பாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் சபையில் எண்பதை நெருங்கும் ஆன்ட்டி ஒருவர், மகன் வாங்கித் தந்த பெரிய எழுத்து வேதாகமத்தைப் பேருந்தில் தூக்கி வந்து மணிக்கட்டு வீங்கிப்போனார். "தம்பி, பழைய சின்னப் புத்தகத்தையே குடுத்துடு, கண்ணு போனாலும் பரவாயில்லை" என்றார். இப்போது பெரியது அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சமையல் புத்தகம் வைக்கும் மரத் தாங்கியின்மேல் திறந்தபடி இருக்கிறது. ஆலயத்துக்கு அதே எழுத்தளவில் அச்சான, சங்கீதம் சேர்ந்த புதிய ஏற்பாடு ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வருகிறார். பழைய ஏற்பாட்டிலிருந்து பாடம் வரும் ஞாயிறுகளில் பக்கத்தில் உட்காரும் பேத்தியின் புத்தகத்தை எட்டிப் பார்த்துக்கொள்கிறார்.